பதினான்கையும் ஒன்றாகப் பார்க்க ஓர் அறை: எழும்பூர் அருங்காட்சியகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும், தமிழ்நாடு அரசின் அருங்காட்சியகங்கள் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் படச்சட்டம் போடுகிறவன். திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் கடை. சாமி படம், கல்யாணப் படம், இறந்துபோனவர்கள் படம், பட்டம் வாங்கிய சான்றிதழ் என்று எது வந்தாலும் கண்ணாடி வெட்டிப் போட்டுக் கொடுப்பேன். சோறு போடுவது அதுதான். அதோடு முப்பது வருடத்துக்கும் மேலாக ஓவியர்களுக்கும் வேலை செய்கிறேன். கான்வாஸை ஸ்ட்ரெட்சர் என்கிற உள்மரச் சட்டத்தில் இழுத்து அடிப்பது, தொய்ந்த மூலைக்கு ஆப்பு தட்டுவது, கண்காட்சிக்கு முந்தின ராத்திரி கண் விழித்துச் சட்டம் கட்டுவது. ஓவியத்தைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அதன் முதுகை உங்களில் பலரைவிட அதிகம் பார்த்தவன், அவ்வளவுதான்.

போன தை மாதம் ஒரு அம்மா கடைக்கு வந்தார். அவருடைய கணவர் ஓவியர். அரூப ஓவியம் வரைந்தவர், அதாவது ஆள், மரம் என்று அடையாளம் தெரிகிற உருவம் இல்லாமல் வெறும் வண்ணமும் வடிவமுமாக. காலமாகிச் சில வருடம் ஆகிறது. பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். வீட்டில் அறுபது எழுபது கான்வாஸ் இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். "தம்பி, எல்லாத்தையும் யாருக்காவது சும்மாவே குடுத்துடலாம்னு பாக்கறேன். யாரு வாங்கிப்பாங்க?" என்று கேட்டார்.

சும்மா கொடுப்பதை வாங்கிக்கொள்ள ஆள் தேடுகிறார்! என்னிடம் பதில் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என் மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. அதனால் அதை உங்கள் பக்கம் தள்ளிவிடலாம் என்று இந்த மடல்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அரூப ஓவியம் எனக்கே பிடிபட ரொம்ப நாள் ஆயிற்று. ஆரம்பத்தில் அந்த மாதிரிப் படம் வந்தால், சுவருக்கு அடித்து மிஞ்சின பெயிண்ட்டை இதில் தடவியிருக்கிறார்கள் போல என்றுதான் நினைப்பேன். வாயை மூடிக்கொண்டு சட்டம் போட்டுக் கொடுத்துவிடுவேன். ஒரு ஐப்பசியில் ஓர் ஓவியர் பதினான்கு கான்வாஸ் கொண்டுவந்து இறக்கினார். அன்றைக்குப் பிடித்த மழை விடவே இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். கண்காட்சி தள்ளிப்போயிற்று. பத்து நாளும் அந்தப் பதினான்கு படமும் என் கடைச் சுவரில் சாய்ந்து நின்றன. வேறு வேலை கிடையாது. அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எல்லாப் படத்திலும் ஒரு காவி நிறம் வந்து வந்து போவது கண்ணில் பட்டது. ஒன்றில் நகக்கீறல் அளவு. இன்னொன்றில் அது பாதிப் படத்தை விழுங்கியிருந்தது. ஒன்றில் அதை நீலத்தால் முழுக்க மூடிவிட்டு, அப்புறம் மனசு கேட்காமல் கத்தியால் சுரண்டி மறுபடி வெளியே எடுத்திருந்தார். அட, இந்த மனுஷன் ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. பதினான்கில் ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் எனக்கு இந்த ஜென்மத்தில் அது தெரிந்திருக்காது.

நான் சொல்ல வந்ததே இதுதான். உங்கள் கூடத்தில் ரவிவர்மா படத்தின் முன்னால் நிற்கிறவருக்கு அந்த ஒரு படம் போதும். முகம் இருக்கிறது, புடவை இருக்கிறது, அதன் சரிகை இருக்கிறது. பேச விஷயம் கிடைத்துவிடும். அரூப ஓவியத்தில் அப்படிப் பற்றிக்கொள்ளக் கொம்பு கிடையாது. ஓர் ஓவியரின் இந்தப் படத்துக்கு உரை எழுதுவது அவருடைய அடுத்த படம்தான். அதை எடுத்துவிட்டால் இது ஊமையாகிவிடும்.

ஆனால் சந்தை என்ன செய்கிறது? ஒன்றை ஹோட்டல் வரவேற்பறைக்கு அனுப்புகிறது, ஒன்றைப் பல் டாக்டரின் சுவருக்கு, ஒன்றை மும்பை ஏலத்துக்கு. அதில் எனக்குக் கோபம் இல்லை. ஓவியரும் சாப்பிட வேண்டும், எனக்கும் கூலி தர வேண்டும். ஆனால் பிரிக்கிற கை ஒரு பக்கம் இருந்தால் சேர்க்கிற கை இன்னொரு பக்கம் வேண்டும். சேர்க்கிற கை அருங்காட்சியகம்தான். இங்கே விலை கொடுத்து வாங்கிச் சேர்க்க உங்களிடம் பணம் இருக்காது, அது எனக்கும் தெரியும். அதனால்தான் தானமாக வருவதைப் பற்றிப் பேசுகிறேன்.

ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர். தமிழ் படிக்கிறவர்களுக்கு அவர் கோட்டோவியக்காரர். பத்திரிகைப் பக்கத்திலும் புத்தக அட்டையிலும் பார்த்துப் பழகிய கோடு அது. காந்தி நூற்றாண்டு சமயத்தில் காந்தியை மட்டும் எத்தனை விதமாகக் கோட்டில் பிடித்தார்! அப்புறம் மகாராஜாக்கள் வந்தார்கள், கிரீடமும் மீசையும் சிதைந்து சிதைந்து. கடைசியில் அதே கை உருவத்தையே விட்டுவிட்டுப் பெரிய பெரிய கான்வாஸில் வெறும் வண்ணத்துக்குப் போயிற்று. 2008இல் காலமானார். கோட்டுக்காக ஊரே கொண்டாடிய மனிதர் கோட்டையே ஏன் கைவிட்டார்? எழுதித் தள்ளலாம், பேசித் தள்ளலாம். காந்தியும் மகாராஜாவும் அந்த வண்ண நிலங்களும் ஒரே அறையில் எதிரெதிரே நின்றால் ஒரு பள்ளிக்கூடப் பையனே அதைக் கண்டுபிடித்துவிடுவான் என்பது என் எண்ணம்.

அச்சுதன் கூடல்லூர் வேறு தினுசு. 1945இல் கேரளத்தின் கூடல்லூரில் பிறந்தார். பொறியியல் படித்துவிட்டுச் சென்னைக்கு வந்தார். ஓவியக் கல்லூரியில் முறையாகப் படிக்காமல், மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் உட்கார்ந்து வரைந்து வரைந்தே தேறியவர். ஆரம்பத்தில் உருவங்கள் இருந்தன, பிறகு நிறம் மட்டும். 2022 ஜூலையில் இதே ஊரில்தான் காலமானார். அவருடைய சிவப்பைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு விளக்கிப் பிரயோசனமில்லை.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார், அங்கேயே 1957இலிருந்து பத்து வருடம் முதல்வராக இருந்தார். 1966இல் சக ஓவியர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்கிற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். பாத்திக் துணி மாதிரிக் கைவினைப் பொருள் செய்து விற்ற காசில் நிலம் வாங்கிய கூட்டம் அது. 1963 வாக்கில் அவர் ஆரம்பித்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டங்கள், மலையாளம் போலவே இருந்தும் படிக்க முடியாத எழுத்துகள் எல்லாம் நிரம்பிக் கிடக்கும். மெட்ராஸில் படித்து, மெட்ராஸில் சொல்லிக்கொடுத்து, 1977இல் மெட்ராஸிலேயே கண்ணை மூடியவர். அவருடைய படங்களுக்கென்றே தனிக்கூடம் ஒன்று 1979 முதல் இருக்கிறது. எங்கே? திருவனந்தபுரத்து அருங்காட்சியக வளாகத்தில்.

கேரளத்தார்மேல் பொறாமைப்பட்டுப் பயனில்லை. அவர்கள் செய்தார்கள். ஒரு தடவை ராத்திரி ரயிலில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரே மனிதரின் கை வரிசையாகச் சுவரில் நடந்து போவதைப் பார்ப்பது தனி அனுபவம். இங்கே சோழமண்டலத்திலும் 2009இலிருந்து, பணிக்கரின் ஓவியப் பள்ளியைச் சுற்றி வளர்ந்த மெட்ராஸ் இயக்கத்துக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஓவியர்களே முன்னின்று செய்தது. நல்ல இடம், போகாதவர்கள் போய்ப் பாருங்கள். ஆனால் ஓர் இயக்கத்தையே காட்ட வேண்டிய இடத்தில் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சுவர்தான் கிடைக்கும். ஒருவரை முழுசாகப் பார்க்க அங்கே இடம் பத்தாது. அந்தக் கிராமம் கட்டியவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். 1851இலிருந்து நிற்கிற நீங்கள் உங்கள் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

"யாருக்கும் தெரியாத ஓவியர் ஒருவரின் படங்களை எடுத்து நாங்கள் என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு ஸ்வீடனில் நடந்த கதை ஒன்று இருக்கிறது.

ஹில்மா ஆஃப் கிளின்ட் என்று ஓர் அம்மையார். 1862இல் பிறந்தவர். நிலக்காட்சி, செடிகொடி என்று வரைந்து பிழைத்துக்கொண்டே, 1906இலிருந்து பெரும்பாலும் வெளியே காட்டாமல் வீட்டளவு பெரிய அரூப ஓவியங்களை வரைந்துகொண்டிருந்தார். காண்டின்ஸ்கி, மாண்ட்ரியன் என்று நாம் பாடமாகப் படிக்கிற பெயர்களெல்லாம் அந்தப் பக்கம் வருவதற்கு முன்னால். "நான் செத்து இருபது வருடம் கழிகிறவரை இவற்றை யாருக்கும் காட்டாதே" என்று சொல்லி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை உடன்பிறந்தவரின் மகனிடம் ஒப்படைத்துவிட்டு 1944இல் போய்ச்சேர்ந்தார். 1970 வாக்கில் அவற்றை ஸ்டாக்ஹோம் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குத் தானமாகத் தருகிறோம் என்றார்கள். அருங்காட்சியகம் வேண்டாம் என்றுவிட்டது. அதே அருங்காட்சியகம் 2013இல் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. 2018இல் நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவர் படங்களை வைத்தபோது ஆறு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அந்த இடத்தின் சரித்திரத்திலேயே அவ்வளவு கூட்டம் அதற்கு முன் வந்ததில்லை.

அந்தப் படங்கள் பிழைத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. குடும்பத்தார் அவற்றைப் பிரிக்கவில்லை. என் கடைக்கு வந்த அம்மாவிடம் அடுக்குமாடிக்காரர் அவ்வளவு காலம் கொடுக்கமாட்டார்.

பிரிக்கவே கூடாது என்பதில் பிடிவாதத்தின் உச்சிக்குப் போனவர் அமெரிக்காவின் அரூப ஓவியர் கிளிஃபர்ட் ஸ்டில். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1950களின் தொடக்கத்திலேயே கேலரிக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டு விலகிவிட்டார். வரைந்ததை விற்கமாட்டேன் என்று வீட்டிலேயே அடுக்கினார். கொடுப்பதானால் மொத்தமாகத்தான் கொடுப்பார். 1964இல் பஃபலோ நகர அருங்காட்சியகத்துக்கு 31 படம், 1975இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு 28 படம். ஒன்றிரண்டாகக் கேட்டவர்களுக்குக் கதவு சாத்தியிருந்தது. 1980இல் இறந்தபோது உயிலில் எழுதி வைத்திருந்தது இதுதான்: எந்த ஊர் என் படங்களுக்கென்று மட்டும் நிரந்தரமாக ஒரு கட்டடம் கட்டுகிறதோ அந்த ஊருக்கு எல்லாம் சொந்தம். ஒன்றைக்கூட விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, வேறு யார் படத்தையும் பக்கத்தில் மாட்டக் கூடாது. உணவகம்கூடக் கூடாதாம்!

எந்த ஊர் ஒத்துக்கொள்ளும்? இருபது வருடத்துக்கும் மேல் யாரும் கிடைக்கவில்லை. படங்கள் பூட்டிக் கிடந்தன. பல படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பாய் போலச் சுருட்டியே கிடந்தன என்று படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. தடித்த எண்ணெய் வண்ணத்தைச் சுருட்டி வைத்தால் என்ன ஆகும் என்று என்னைப்போல் ஒருவனைக் கேட்டால் சொல்வான். கடைசியில் 2004இல் டென்வர் நகரம் முன்வந்தது. 2011இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஓவியமும் காகித வேலைகளுமாக மூவாயிரத்துக்கும் மேல். அவர் வாழ்நாளில் செய்ததில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரே கூரையின் கீழ். இதில் ஒரு வேடிக்கை. இதையெல்லாம் காப்பாற்றப் பணம் வேண்டுமே! அவர் மனைவி பங்கிலிருந்து நாலே நாலு படத்தை அதே வருடம் ஏலத்தில் விற்றார்கள். பதினொரு கோடி டாலருக்கு மேல் போயிற்று. நாலு படம் போய் மற்றதை வாழவைத்தது.

ஸ்டில் மாதிரி நிபந்தனை போடுகிறவரோடு எனக்கு ஒரு நாள்கூட ஒத்துப்போயிருக்காது. உங்களுக்கும் வேண்டாம். ஓவியர் ஹான்ஸ் ஹோஃப்மன் மாதிரி ஆள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஜெர்மனியிலிருந்து வந்தவருக்கு 1930இல் அமெரிக்காவில் முதலில் வேலை கொடுத்த இடம் பெர்க்லி பல்கலைக்கழகம். அந்த நன்றிக்கு 1963இல் 45 ஓவியங்களையும் கட்டடத்துக்கென்று இரண்டரை லட்சம் டாலரையும் கொடுத்தார். நம் ஊர் ஓவியரிடம் பணத்தை எதிர்பார்க்க முடியாது. படத்தை எதிர்பார்க்கலாம்.

சரி, வாங்குவதோடு முடிந்துவிடுமா? வாங்கின பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குப் பயம்.

பல வருடம் முன்பு ஓர் ஓவியர் ஒரு நிறுவனத்துக்கு எட்டுப் படங்கள் தானமாகக் கொடுத்தார். எந்த நிறுவனம் என்று சொல்லமாட்டேன், உங்களுடையது இல்லை. எட்டுக்கும் நான்தான் சட்டம் போட்டேன், தேக்கில். விழா நடந்தது, பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். மூன்று படம் மாடிப்படிக்குக் கீழே துடைப்பத்தோடு இருந்தது. ஒன்று ஆபீசர் அறையில், ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர் கீழே. இன்னொன்றின் மேல்சட்டத்தில் ஆணி அடித்துக் காலண்டர் தொங்கவிட்டிருந்தார்கள். மிச்சம் மூன்று எங்கே என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ஓவியரிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. படங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று நம்பிக்கொண்டே அவர் போய்விட்டார்.

இப்படி வாங்குவதைவிட, "எங்களால் வைத்துக்கொள்ள முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்வது மேல். அறுபது எழுபது படம் இருந்தால் அறுபது எழுபதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. உட்கார்ந்து பாருங்கள். முதல் வருடத்திலிருந்து கடைசி வருடம்வரை அந்தக் கை எப்படி மாறியது என்று தெரிகிற மாதிரி இருபத்தைந்தோ முப்பதோ பொறுக்குங்கள். சரியாக வராமல் போன படம் இரண்டு மூன்றும் அதில் இருக்கட்டும். நல்லதை மட்டும் பொறுக்கினால் அது கடை, அருங்காட்சியகம் இல்லை. ஓவியரின் நோட்டுப் புத்தகம் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

பதிவேட்டில் ஏற்றும்போது படத்தின் முன்பக்கத்தைப் போட்டோ எடுப்பார்கள். முதுகையும் எடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பெயர், வருடம், எந்தக் கண்காட்சிக்குப் போனது, சில சமயம் திட்டிய திட்டுகூட அங்கேதான் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, மேல்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறி இருக்கும். அரூப ஓவியத்தில் அது இல்லாவிட்டால் வம்புதான். மாண்ட்ரியன் ஒட்டுப் பட்டைகளை வைத்துச் செய்த படம் ஒன்று ஜெர்மனியின் டியூசல்டார்ஃபில் இருக்கிறது. 1945இலிருந்து அதைத் தலைகீழாகவே மாட்டி வந்திருக்கிறார்கள் என்று 2022இல் அங்கே இருக்கிறவர்களே கண்டுபிடித்தார்கள். இப்போது திருப்பி மாட்டினால் பட்டைகள் உரிந்து விழுந்துவிடும் என்று பயந்து அப்படியே விட்டுவிட்டார்கள். பெரிய இடத்திலேயே இந்தக் கதி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்!

மாட்டுகிற விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ராத்கோ 1961இல் லண்டன் ஒயிட்சேப்பல் கூடத்துக்குத் தன் படங்களை அனுப்பியபோது, சுவர் வெள்ளைவெளேரென்று இருக்கக் கூடாது, வெளிச்சம் தூக்கலாக இருக்கக் கூடாது, பெரிய படங்களைத் தரைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள் என்று எழுதி அனுப்பினார். நியூயார்க்கில் ஒரு பணக்கார உணவகத்துக்கென்று வரைந்துவிட்டு, பிறகு மனம் மாறிக் கொடுக்க மறுத்த படங்களிலிருந்து ஒன்பதைப் பின்னாளில் லண்டன் டேட் கூடத்துக்குத் தானமாகக் கொடுத்தார். 1970 பிப்ரவரி 25ஆம் தேதி அவை லண்டன் வந்து இறங்கின. அன்று காலையில்தான் நியூயார்க்கில் ராத்கோ இறந்து கிடந்ததைக் கண்டார்கள். அந்தப் படங்களை இன்றும் தனி அறையில், மங்கலான வெளிச்சத்தில் ஒன்றாகவே காட்டுகிறார்கள். 2012இல் ஒருவன் அதில் ஒரு படத்தில் மையால் கிறுக்கினான். சாயம் ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ அடுக்கு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பிசின். மையை எடுத்துச் சரிசெய்து மறுபடி மாட்ட ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆயிற்று. செய்தார்கள்.

அந்த மாதிரி வேலை நம்மால் ஆகுமா என்று கேட்கவேண்டாம். 1930லேயே உங்கள் வளாகத்தில் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கியாயிற்று. செப்புத் திருமேனிகளின் களிம்பை எடுக்கவும், தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியத்தை ஆராயவும் பரமசிவன் மாதிரி விஞ்ஞானிகள் இருந்த இடம். அதே கை கொஞ்சம் கான்வாஸ் பக்கமும் திரும்ப வேண்டும். சென்னைக் காற்று கான்வாஸுக்கு எமன். ஐப்பசி கார்த்திகையில் துணி தொய்ந்துவிடும், சித்திரையில் முறுக்கிக்கொள்ளும். வருடா வருடம் இப்படி இழுத்து விட்டு இழுத்து விட்டு வண்ணம் வெடிக்கும். பின்பக்கம் பூஞ்சை. மலிவு மரத்தில் ஸ்ட்ரெட்சர் செய்திருந்தால் கரையான். படங்களை அட்டைப்பெட்டியில் படுக்கவைக்காமல், நிமிர்த்தி நிறுத்தத் தடுப்புச் சட்டம் போட்ட அறை ஒன்று போதும். பெரிய செலவு இல்லை, நானே வரைந்து தருகிறேன்.

கண்காட்சி விஷயத்தில் என் ஆசை சின்னது. ஓர் அறை. ஓர் ஓவியர். குறைந்தது மூன்று மாதம். அது முடிந்ததும் அடுத்தவர். பத்துப் பேரைத் திரட்டிப் போட்டுத் திருவிழா நடத்தவேண்டாம். முடிந்தால் அதே படங்கள் திருச்சிக்கும் மதுரைக்கும் கோவைக்கும் உங்கள் மாவட்ட அருங்காட்சியகங்களுக்குப் போகட்டும். ஆதிமூலத்தின் வண்ணங்களைத் துறையூர்க்காரர்கள் பார்க்கத் திருச்சி ராணி மங்கம்மாள் மண்டபத்தைவிட நல்ல இடம் ஏது? நடுவில் ஒரு பெஞ்சு போடுங்கள். பத்து நாள் மழை எல்லாருக்கும் வாய்க்காது, பத்து நிமிஷமாவது உட்காரட்டும். பக்கத்தில் ஒட்டுகிற சீட்டில் "இது மனித மனத்தின் தேடலைக் குறிக்கிறது" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். எந்த வருடம், என்ன வண்ணம், அப்போது எந்தத் தெருவில் குடியிருந்தார், அது போதும். மிச்சத்தைப் பக்கத்துப் படம் சொல்லிக்கொள்ளும்.

கொடுக்கிறவருக்கு ஒரு காகிதம் கொடுங்கள். பொன்னாடை வேண்டாம். இத்தனை படம் பெற்றுக்கொண்டோம், விற்கமாட்டோம், பிரிக்கமாட்டோம், இத்தனை வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒன்றாகக் காட்டுவோம், குடும்பத்தார் எப்போது வந்து கேட்டாலும் காட்டுவோம் என்று கையெழுத்துப் போட்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதற்கெல்லாம் ஆள் சாகும்வரை காத்திருக்கவேண்டாம். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் எழுபது எண்பது வயதில் இன்னும் காலையில் எழுந்து கான்வாஸ் முன்னால் நிற்கிற அரூப ஓவியர்கள் இருக்கிறார்கள். "எங்கள் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சொல்லத் தயாராக இருப்பவர்களும் உண்டு. கேட்கத்தான் ஆளில்லை. அவர்கள் இருக்கும்போதே கூப்பிட்டு, எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்று அவர்களையே நிறுத்திக் கேட்டு மாட்டினால், அந்த அம்புக்குறிப் பிரச்சினைகூட வராது.

அந்த அம்மா வீட்டை ஆடி முடிந்ததும் இடிக்கிறார்களாம். படங்களை அதுவரை என் கடை மச்சில் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். முப்பதுக்குத்தான் இடம் இருக்கிறது. எந்த முப்பது என்று நான் பொறுக்க வேண்டியிருக்கிறது, அதுதான் தூக்கம் வராமல் அடிக்கிறது. அது என் வேலை இல்லை, உங்கள் வேலை. ஒருவரை அனுப்புங்கள். வேனுக்கு நான் பணம் தருகிறேன். தொய்ந்ததை எல்லாம் இழுத்து அடித்து, ஆப்பு தட்டி, முதுகைத் துடைத்துத் தருவதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
படச்சட்டம் போடுகிறவன்,
திருவல்லிக்கேணி.